இரவல் பசி

2018 மார்ச்சில் கேரளத்துப் பெட்டிக்கடைகளில் தொங்கிய 'கிருஹலட்சுமி' இதழ் ஒரே நாளில் ஊர்ப்பேச்சாகிவிட்டது. மாத்ருபூமி குழுமத்திலிருந்து வரும் பெண்கள் பத்திரிகை அது. அட்டையில் ஜிலு ஜோசப் என்ற மாடல். வகிட்டில் குங்குமம், கழுத்தில் தாலி, திறந்த மார்போடு அணைத்த பச்சைக் குழந்தை. 'உற்றுப் பார்க்காதீர்கள், நாங்கள் பாலூட்ட வேண்டும்' என்று தாய்மார்கள் கேரளத்திடம் சொல்வதாக வாசகம். ஜிலு ஜோசப்புக்கு அப்போது திருமணம் ஆகியிருக்கவில்லை. அவர் தாயும் அல்லர். குழந்தை வேறொருத்தி பெற்றது.

ஆபாசம் என்று ஒரு சாரார் கொதித்தார்கள், புரட்சி என்று இன்னொரு சாரார் கொண்டாடினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிற்று. தலைமை நீதிபதி ஆண்டனி டொமினிக்கும் நீதிபதி தாமா சேஷாத்ரி நாயுடுவும் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். ரவிவர்மா ஓவியங்களைப் பார்க்கும் அதே கண்ணோடுதான் இதையும் பார்த்ததாகவும், ஆபாசம் எதுவும் தென்படவில்லை என்றும் தீர்ப்பு சொன்னது. சரியான தீர்ப்பு. ஆனால் மன்றத்தின் முன் வைக்கப்பட்ட கேள்விதான் பிசகு. மார்பு தெரிந்ததா, எவ்வளவு தெரிந்தது என்பதா வழக்கு? பசியைத் தணிக்க முடியாத ஒரு மார்பில் பேசத் தெரியாத ஒரு குழந்தையை வைத்துப் படமெடுத்தார்களே, அறத்தின் முன் நிற்க வேண்டிய குற்றம் அது. அந்தக் குற்றத்துக்குச் சட்டப் புத்தகத்தில் பிரிவு கிடையாது. அதனால் அது குற்றம் இல்லை என்று ஆகிவிடாது.

பாலூட்டுவதைக் கண்டு முகம் சுளிக்கும் வழக்கம் தமிழ் மரபில் இருந்ததில்லை. இன்றைய நாளிதழ்கள் அச்சிடத் தயங்கும் 'முலை' என்ற சொல்லைச் சங்கப் புலவர்கள் கூச்சமின்றிப் புழங்கினார்கள். போரில் மகன் புறமுதுகிட்டான் என்று கேட்ட கிழவி, அவனுக்குப் பாலூட்டிய முலையை அறுத்தெறிவேன் என்று வாளெடுத்துக் களம் புகுந்ததைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடினார். பெரியாழ்வார் யசோதையாகவே மாறி, முலையுண்ண வா என்று கண்ணனை எழுப்பினார். அழும் முன்பே பால் நினைந்து ஊட்டும் தாயைவிடப் பரிவு மிக்கவன் இறைவன் என்று சொல்ல மாணிக்கவாசகருக்கு வேறு உவமை தேவைப்படவில்லை.

பெற்றவள்தான் ஊட்ட வேண்டும் என்றும் இந்த மரபு அடம் பிடிக்கவில்லை. அகப்பாடல்களில் செவிலித்தாய் உண்டு. சீர்காழிக் குளக்கரையில் அழுத மூன்று வயதுச் சம்பந்தருக்கு உமையின் பால் பொற்கிண்ணத்தில் கிடைத்ததைச் சேக்கிழார் சொல்கிறார். பெற்றவள் தோட்டத்தில் போட்டுவிட்டுப் போன ஆபுத்திரனுக்கு ஏழு நாள் பால் சுரந்தது ஒரு பசு என்கிறது மணிமேகலை. ஆக, ஜிலு ஜோசப் தாயல்லர் என்பதற்காக மட்டும் அந்தப் படத்தைப் பழிப்பது அற்பம். அழுத குழந்தைக்குப் பால் வந்தது என்பதுதான் இந்தக் கதைகள் எல்லாவற்றுக்கும் பொது. அட்டைப்படத்திலோ விளக்கு, மேக்கப், குங்குமம், தாலி என எல்லாம் வந்து சேர்ந்தன. பால் மட்டும் வரவில்லை.

தாலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. துணிச்சலாக ஊட்டுங்கள் என்று அறைகூவல் விடுத்த பத்திரிகை, தாலியில்லாத ஒரு கழுத்தை அட்டையில் போடத் துணியவில்லை. மணமாகாத பெண்ணுக்கு தாலியை இரவல் வாங்கிப் பூட்டியது. புரட்சிக்கும் குடும்பத்தார் சம்மதம் வேண்டியிருக்கிறது!

பொய்யான படமே ஆனாலும் நல்லது நடந்தால் சரிதானே என்பார்கள். குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கலாம் என்று வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறார். பேருந்திலும் கோயில் வாசலிலும் முந்தானைக்குள் வியர்த்துப் போகும் குழந்தையோடு தவிக்கும் தாய்மார் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி நாடு பேசியது என்பதும் உண்மை. ஜிலு ஜோசப் வாங்கிய வசவுகள் எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாதவை. ஆனால் வள்ளுவர் போட்ட நிபந்தனையை மறந்துவிடக் கூடாது. நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும். சில வாரங்களுக்கு முன்பு ஒருவர் தம் மனைவி பாலூட்டும் படத்தை முகநூலில் இட்டபோது அந்தப் பெண்ணுக்கு ஏச்சு வந்தது, அதனால்தான் இந்த இதழைக் கொண்டுவந்தோம் என்று ஆசிரியரே சொன்னார். உண்மைத் தாய் ஒருத்தி கண்ணெதிரே இருந்திருக்கிறாள். அட்டைக்கு அழைத்ததோ மாடலை.

குழந்தையின் முகம் எதையும் விற்கும் என்பது நம் சட்டத்துக்குத் தெரியும். 1992-ல் வந்து 2003-ல் திருத்தப்பட்ட சட்டம் குழந்தைகளுக்கான பால்பவுடர் விளம்பரத்தை அடியோடு தடுத்தது. டப்பாவின் மேல் தாயின் படமோ குழந்தையின் படமோ போடவும் கூடாது. கொழுகொழுத்த கன்னத்தைக் காட்டித் தாயின் மனத்தை மயக்கக் கூடாது என்பதே காரணம். பால்மாவு டப்பாவில் கூடாதது பத்திரிகை அட்டையில் மட்டும் எப்படிப் புனிதமாகும்? இரண்டுமே கடையில் இருப்பவை, காசு கொடுத்தால் கிடைப்பவை.

வெளிநாட்டு இதழ்களும் இதில் தப்பவில்லை. 2012 மே மாதம் அமெரிக்காவின் டைம் இதழ், ஏறத்தாழ நான்கு வயதுப் பையனைச் சிறு நாற்காலியில் ஏற்றித் தாயின் மார்பில் நிறுத்தியது. நீங்கள் போதுமான தாய்தானா என்று வாசகிகளைப் பார்த்துக் கேட்டது. பெற்ற தாய்தான், பெற்ற பிள்ளைதான். ஆனால் நாற்காலி போட்டு நின்றபடியா வீட்டில் ஒரு பிள்ளை பால் குடிக்கும்?

நல்ல விதிவிலக்கு ஒன்று ஆஸ்திரேலியாவில் நடந்தது. 2015 ஜூன் மாத 'எல்' (Elle) இதழுக்கான படப்பிடிப்பில் மாடல் நிக்கோல் ட்ரன்ஃபியோவின் குழந்தைக்குப் பசி வந்தது. அவர் ஊட்டினார். அழகாக இருக்கிறதே என்று அதன் பிறகுதான் அவரைப் படமெடுக்கும் இடத்துக்கு நகர்த்தினோம் என்றார் ஆசிரியர். முதலில் பசி, அப்புறம் படம். அந்த வரிசை மாறாதிருந்ததே அதன் அறம். அதே இதழ் பாலூட்டும் அட்டையைச் சந்தாதாரர்களுக்கு மட்டும் அனுப்பிவிட்டு, கடைகளுக்குக் குழந்தையைச் சும்மா ஏந்தி நிற்கும் படத்தைத் தந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

பாலில்லாத மார்பில் குழந்தை வாய் வைத்த காட்சி புறநானூற்றிலும் இருக்கிறது. புலவர் பெருந்தலைச் சாத்தனார் வள்ளல் குமணனைத் தேடிக் காட்டுக்குப் போய்ச் சொன்னது. அடுப்பு காளான் பூத்துக் கிடக்கும் வீடு. வற்றிய முலையைச் சுவைக்கும்போதெல்லாம் பாலின்றி அழுகிறது பிள்ளை. புலவரின் மனைவி பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறாள். நீர் நிறைந்த அவள் கண்களைப் புலவர் பார்க்கிறார், பார்த்துவிட்டுப் புறப்பட்டு வருகிறார். ஒரு வறுமையை இவ்வளவு கிட்டத்தில் போய்ச் சொன்ன அந்தப் பாட்டில் ஒருவர் கண்ணும் வெளியே அலையவில்லை.

உற்றுப் பார்க்காதே என்று எழுதிய அட்டையில் அந்தப் பெண் பிள்ளையைப் பார்க்கவில்லை, நேராக நம்மைப் பார்க்கிறார். ஒரு கையகலத் தூரத்தில் கிடக்கிறது குழந்தையின் முகம். படப்பிடிப்பு முடிந்து விளக்குகளை அணைத்த பிறகு அதை அதன் அம்மாவிடம் தூக்கிக் கொடுத்திருப்பார்கள். பசித்திருந்தால் அவளிடம் குடித்திருக்கும். இறுக மூடிய கை கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து, அவள் மடியிலேயே தூங்கியும் போயிருக்கும். அதற்குள் கேமராவை உறையில் போட்டிருப்பார்கள்.