அன்று ராத்திரி யார் கூட இருந்தது?

பிளஸ் டூ ரிசல்ட் வருகிற அன்று திண்டிவனத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரே கேள்விதான்: "எவ்ளோ மார்க்?" கேட்பவருக்குப் பதில்கூட வேண்டியதில்லை, கேட்டுவிட்டுப் பால் வாங்கப் போய்விடுவார். முன்பெல்லாம் பிரவுசிங் சென்டரில் கும்பலாக நின்று நம்பரைத் தட்டிப் பார்த்தார்கள். அழுதால் தோளைப் பிடிக்க நாலு பேர் இருந்தார்கள். இப்போது ரிசல்ட் நேராக செல்போனுக்கு வருகிறது. தோற்ற பிள்ளை அதைத் தனியாகப் படிக்கிறது.

ஒரு பிள்ளை போய்விட்டால் ஊரே "எதுக்கு?" என்று துருவுகிறது. மார்க்கா, காதலா, அப்பா திட்டினாரா? ஆளுக்கொரு காரணம், ஆளுக்கொரு தீர்ப்பு. தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் அநேகமாக இருப்பதில்லை. அன்று ராத்திரி யார் கூட இருந்தது, கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருந்தது என்று கேட்டால், அடுத்த பிள்ளைக்காவது உதவும்.

டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகா இப்படித்தான் கேட்டது. ஃபெயிலானவர்கள் ஒரு வருஷம் வீட்டில் முடங்காமல் உடனே எழுத ஒரு துணைத்தேர்வு வேண்டும் என்று குரல் கொடுத்தது, அது வந்தது. 2017-ல் மாநில ரேங்க் அறிவிப்பதையும் அரசு நிறுத்தியது. அறிவுரைகள் செய்யாததை ஒரு தேர்வு அட்டவணை செய்யும்.

நம் பக்கத்து மாவட்டமான கடலூரில், காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் சிநேகா இன்னொன்றும் செய்து பார்த்தது. வயலுக்கு அடிக்கும் மருந்தை வீட்டில் வைக்காமல், ஊருக்குப் பொதுவான இடத்தில் ஆளுக்கொரு பூட்டுப் பெட்டியில் வைத்தார்கள். அந்த ஊர்களில் தற்கொலைகள் குறைந்ததாக 2013-ல் ஆய்வு வெளியானது. "ஒரு வழிய அடைச்சா இன்னொரு வழி தேடுவான்" என்று டீக்கடையில் சொல்வார்கள். அது தப்பு. சாகத் தூண்டும் அந்த வேகம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணிந்துவிடுகிறது. கொடிய மருந்துகளை இலங்கை ஒவ்வொன்றாகத் தடை செய்தது; இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறக்குறைய 70 சதவீதம் இறங்கியது. விளைச்சல் குறையவில்லை.

என் பெரியம்மா இந்த ஆய்வு எதையும் கேள்விப்பட்டதில்லை. கணக்கில் ஃபெயிலான பேரனை, "வாடா, மல்லாட்ட ஒடைக்க ஆளில்ல" என்று தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். விதைக்கு நிலக்கடலை உரிக்கிற வேலை; இருட்டும்வரை முறத்தின் எதிரே உட்கார வைத்தார். மார்க் பேச்சே எடுக்கவில்லை. ராத்திரி அங்கேயே பாய் போட்டார். ஆனால் அவரும் ஒன்றைக் கேட்கத் தயங்கினார்: "சாகணும்னு தோணுதாடா?" கேட்டால் நாமே எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் பலருக்கும் உண்டு. அப்படி ஆவதில்லை. கேட்டால்தான் பிள்ளை வாய் திறக்கிறது.

அதற்கு மேல் டாக்டர் வேண்டும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பஸ் போகிற தூரம்தான். ஆனாலும் மனநலப் பிரிவின் வரிசையில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று சிலர் புதுச்சேரிக்குப் போகிறார்கள். போகட்டும், அதுவும் நல்லதே. எங்கும் போக முடியாதவர்களுக்கு 14416 இருக்கிறது. டெலி மானஸ், காசில்லை, எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை ரிசல்ட் வருகிற குறுஞ்செய்தியிலேயே, மார்க்குக்கு மேல் வரியில் போட்டு அனுப்பலாம்.