ஊடகத்தின் பொய்யும் நம் கைப்பேசியின் பொறுப்பும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பிற்குரிய சகோதரர்களே! முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு உபதேசம் செய்கிறேன்.

2020 மார்ச் மாத இறுதியை நினைத்துப் பாருங்கள். டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸுக்குப் போய் வந்தவர்களுக்குக் கொரோனா என்ற செய்தி வந்தது. நோய் வந்தது உண்மை. தமிழ்நாட்டிலிருந்து போய் வந்த பலருக்கும் தொற்று இருந்தது. ஆனால் சில தொலைக்காட்சிகள் நோயைச் சொல்வதோடு நிற்கவில்லை. ஒரு சமுதாயமே திட்டமிட்டுக் கிருமியைப் பரப்புகிறது என்றார்கள். ‘கொரோனா ஜிஹாத்’ என்று பெயர் வைத்தார்கள். வடமாநிலங்களில் காய்கறி வண்டி தள்ளும் ஏழையிடம் பெயர் கேட்டு விரட்டும் நிலை வந்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அவர்களுக்கு எதிராக ஊடகங்களில் பெரும் பிரச்சாரம் நடந்தது என்றும், அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டிருக்கலாம் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. 2025 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் 70 இந்தியர்கள் மீதான வழக்குகளையும் ரத்து செய்தது. ஐந்து ஆண்டுகள்! அவதூறை இரவு முழுக்கக் கத்திய சேனல்களில் எத்தனை, இந்தத் தீர்ப்பை அதே சத்தத்தில் சொன்னன?

சகோதரர்களே! ஒரு காலத்தில் இப்படி நடந்தால் பத்திரிகைக்கு மறுப்புக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்போம். இன்று அல்லாஹ் இணையத்தைத் தந்திருக்கிறான். அந்த நாட்களில், முஸ்லிம்கள் எச்சில் வைத்துக் கிருமி பரப்புகிறார்கள் என்று ஒரு காணொளி சுற்றியது. பாத்திரங்களை நக்கும் காட்சி அது. உண்மையில் உணவில் ஒரு பருக்கையும் வீணாகக் கூடாது என்று போஹ்ரா சமூகத்தினர் செய்தது. 2018லேயே இணையத்தில் இருந்த பழைய காணொளி. பிரதீக் சின்ஹாவும் முஹம்மது ஜுபைரும் 2017இல் தொடங்கிய ஆல்ட் நியூஸ் போன்ற தளங்கள் அதை ஆதாரத்தோடு வெளிப்படுத்தின. கோபப்பட்டுக் கத்தவில்லை, காணொளி எங்கே, எப்போது எடுத்தது என்று தேடிக் காட்டினார்கள். பொய் அங்கேயே உடைந்தது.

ஆனால் அந்த வாசல் நமக்கும் திறந்திருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆயிஷா (ரலி) அவர்கள் மீது சுமத்தப்பட்ட அவதூறை எண்ணிப் பாருங்கள். அதைப் பெரிதாக்கியவன் முனாஃபிக்குகளின் தலைவன் அப்துல்லாஹ் இப்னு உபை. ஏறத்தாழ ஒரு மாதம் மதீனாவில் அந்தப் பேச்சு உலவியது. பரப்பியவர்களில் பத்ருப் போரில் கலந்துகொண்ட மிஸ்தஹ் (ரலி) அவர்களும் இருந்தார்கள்! மூட்டியவன் முனாஃபிக், சுமந்தவர்களில் நல்லவர்களும் இருந்தார்கள்.

அதே நேரம் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களிடம் விசாரிக்கப்பட்டது. அவர்களும் நபியவர்களின் மனைவி. போட்டி மனப்பான்மையில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தன் காதையும் கண்ணையும் காத்துக்கொண்டு, ஆயிஷாவிடம் நன்மையைத் தவிர வேறெதையும் அறியேன் என்றார்கள். இதுதான் ஈமானின் நேர்மை.

நான் என் தவறையும் சொல்கிறேன். ஒருமுறை, நம் மக்கள் மீது தாக்குதல் என்று வந்த ஒரு புகைப்படத்தைப் பார்த்ததும் மனம் கொதித்து, மஹல்லா குரூப்பில் அனுப்பிவிட்டேன். பத்து நிமிடத்தில் ஒரு தம்பி தனியே எழுதினார்: “ஹஜ்ரத், இது வேறு நாட்டில், பல வருடங்களுக்கு முன் நடந்தது.” அதற்குள் எத்தனை கைப்பேசிக்கு அது போயிருக்கும்? நம்முடைய ஒரு பொய்ப் படம் போதும். நாளை நாம் சொல்லும் நூறு உண்மைகளையும் ‘இவர்கள் இப்படித்தான்’ என்று தள்ளிவிடுவார்கள்.

செய்தி வந்தால் தெளிவாக விசாரிக்க வேண்டும், இல்லையேல் அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்பு வருந்த நேரிடும் என்று ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6வது வசனம் எச்சரிக்கிறது. இந்தக் கட்டளை சேனல்காரருக்கு மட்டும் அல்ல. நமக்குப் பிடித்த செய்திக்கும் இதுதான் சட்டம்.

ஆகவே படம் வந்தால் முதலில் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். தேதி, ஊர், முதலில் வெளியிட்டவர் யார் என்று தேடுங்கள். தெரியவில்லையா? அனுப்பாதீர்கள். தவறாக அனுப்பிவிட்டால், அனுப்பிய அதே குரூப்பில் தவறு என்று எழுதுங்கள். தவ்பாவுடன் அதுவும் சேரட்டும். அநியாயத்தைக் கண்டால் மௌனமாக இருக்காதீர்கள். ஆதாரத்தோடு, கண்ணியமாக எழுதுங்கள். நேர்மையாகச் செய்தி தரும் மாற்று மதச் சகோதரர்களை மனமாரப் பாராட்டுங்கள்.

யா அல்லாஹ்! பொய்யால் காயப்பட்டவர்களின் கண்ணியத்தைக் காப்பாயாக. எங்கள் நாவையும் விரல்களையும் மறுமையில் எங்களுக்கு எதிரான சாட்சியாக ஆக்கிவிடாதே. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.