ஒரு நாள் அமைதி

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் போலியோச் சொட்டு மருந்து கொடுப்பதற்காக 1995 முதல் எங்கள் நாட்டில் ஓரிரு நாள் யுத்தம் நின்றதுண்டு. யுனிசெவ் இரு தரப்போடும் பேச, அரச படையினரும் புலிகளும் இணங்கினார்கள்.

கரடியனாற்றுக்கு டோர்ச் பற்றறி கொண்டுவரவே தடையிருந்த காலம். மருந்துக் குளிர்ப்பெட்டி மட்டும் சாவடி தாண்டி வந்தது. எனக்குப் பதினைந்து வயது. பக்கத்து வீட்டு நாலு வயதுப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றேன்.

அது இரக்கமா, கணக்கா? கணக்கும்தான். மலத்தோடு வெளியேறித் தண்ணீரோடு பரவும் கிருமி, சாவடியில் அடையாள அட்டை காட்டாது. இந்தக் கரையில் ஒரு பிள்ளை விடுபட்டால் அந்தக் கரைப் பிள்ளைக்கும் ஆபத்து. கணக்கு என்பதற்காக அந்த நாளை நான் குறைத்து மதிக்கவில்லை.

என்னை உறுத்துவது வேறு. 2004இல் அந்தப் பையனுக்குப் பதின்மூன்று, நான் ஆசிரியன். ஒரு காலை இடாப்பில் அவன் பெயரைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. சண்டைக்குப் பிடித்துப் போயிருந்தார்கள். முடங்காமல் காத்த கால்களை இதற்காகவா காத்தோம்? ஆனாலும் மருந்து வீண் என்று சொல்ல வாய் வரவில்லை. கொடுத்த பொருளை வேறொருவன் களவெடுத்தால் கொடுத்தது எப்படிப் பிழையாகும்?

இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல். தென்கிழக்காசியப் பிராந்தியமே 2014இல் போலியோ அற்றதாகச் சான்று பெற்றது. அவனும் திரும்பி வந்தான். போன மாதம் மகளைக் கிளினிக்குக்குத் தூக்கிப் போகும்போது கேட்டான்: "நோய்தான் இல்லையே சேர், பிறகேன் இவளுக்கு ஊசி?"

பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இன்னும் இருக்கிறது என்றேன்.