வாடை சுடும் ஊரில் வாஸ்து

மெல்பர்னுக்குக் குடிபெயரத் தயாராகும் குடும்பம், சென்னையில் இருந்தபடியே அங்கே மனை பார்ப்பது இன்று சாதாரணம். விசா வந்திருக்கும், வேலை உறுதியாகியிருக்கும், பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடியட்டும் என்று காத்திருப்பார்கள். நிரந்தர வசிப்புரிமை இல்லாதவர்கள் பழைய வீடு வாங்குவதற்கு ஆஸ்திரேலிய அரசு 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை, சில விலக்குகள் நீங்கலாக, தடை அறிவித்தது. காலி மனை வாங்க அனுமதி உண்டு. வாங்கினால் நான்கு வருடத்துக்குள் கட்டி முடித்தாக வேண்டும். ஆக, பலருக்கு அந்நிய நாட்டின் முதல் வீடே தாங்கள் கட்டும் வீடாகிவிடுகிறது. வரைபடம் பிடிஎஃப்பாக வாட்ஸ்அப்பில் வந்து இறங்குகிறது. திறந்தவுடன் தாத்தா முதல் பேரன் வரை தேடுவது ஒன்றைத்தான்: வாசல் எந்தப் பக்கம்? அடுத்தது, அடுப்பு அக்னி மூலையில் இருக்கிறதா, ஈசானியத்தில் கழிப்பறை வந்துவிட்டதா என்பது. பக்தி உள்ள வீட்டில் இப்படிக் கேட்பார்கள்தான். ஆனால் இந்தக் கேள்விகளுக்கு ஆதாரமாகச் சொல்லப்படும் நூல்கள் இவற்றிலிருந்து தொடங்குவதில்லை. அவை தொடங்கும் இடத்தை விட்டுவிட்டு முடியும் இடத்தை மட்டும் கடல் தாண்டி எடுத்துப் போகிறோம் என்பதே இந்தக் கட்டுரையின் வழக்கு.

ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையை எடுத்துக்கொள்ளலாம். மனையின் நடுவில் ஒரு முழ ஆழத்துக்குக் குழி வெட்டி, எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு மூடச் சொல்கிறது அது. மண் மிஞ்சினால் உத்தமம், சரியாக இருந்தால் மத்திமம், குறைந்தால் ஆகாது. இன்னொரு சோதனையும் உண்டு. குழியில் நீர் நிரப்பிவிட்டு நூறு அடி நடந்து போய்த் திரும்பி வந்து, எவ்வளவு வற்றியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மயமதம் என்ற கட்டட நூல் இன்னும் பொறுமை கேட்கிறது: நிலத்தை உழுது, விதைத்து, விளைந்ததும் பசுக்களை மேயவிட்டு, அதற்குப் பிறகே அளவு நூலைப் பிடிக்கலாம். மண்ணின் நிறம், மணம், சுவை எல்லாம் பார்த்த பிறகு வராகமிகிரர் ஒரு விலக்கும் தருகிறார். எந்த நிலத்தில் ஒருவன் மனம் லயிக்கிறதோ, அதுவே அவனுக்கு நல்லது என்கிறார். இந்தச் சோதனைகளில் ஒன்றைக்கூட உட்கார்ந்த இடத்திலிருந்து செய்ய முடியாது. போய் நிற்க வேண்டும், தோண்ட வேண்டும், காத்திருக்க வேண்டும். திசையும் அறைகளின் இருப்பும் இதற்குப் பிறகு வருபவை.

அந்தத் திசையும் தென்கோளத்தில் சிக்கலாகிறது. மெல்பர்ன் தெற்கே ஏறத்தாழ 38 பாகையில் இருக்கிறது. அங்கே உச்சிச் சூரியன் வருடம் முழுவதும் வடக்கிலேயே நிற்கும், நிழல் தெற்கே விழும். இதைப் பார்த்து ‘தென்கோளத்தில் வாஸ்துவைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும்’ என்று ஒரு சாரார் சொல்கிறார்கள்; ‘கூடாது, திசை திசைதான்’ என்று மறு சாரார் சொல்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், கட்டணமும் இருக்கிறது. ஆனால் சூரியனை வைத்து வாதாடுகிறவர்கள் சென்னையையே சரியாகப் பார்க்கவில்லை. பதின்மூன்று பாகையில் இருக்கும் சென்னையில், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சிச் சூரியன் வடக்கில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இன்னும் அதிக நாட்கள். அந்த மாதங்களில் எவரும் அடுப்பை இடம் மாற்றியதில்லை. காந்தப்புலத்தைச் சொல்கிறவர்கள் கதை இன்னும் வேடிக்கை. மெல்பர்னில் காந்தமுள், உண்மை வடக்கிலிருந்து ஏறத்தாழ 12 பாகை கிழக்கே விலகிக் காட்டும்; அந்த முள்ளை நம்பி வாசலைத் தீர்மானித்தால் கணக்கு தொடக்கத்திலேயே கோணல். பழைய நூல்கள் சொல்லும் முறையோ எளிது. தரையில் ஒரு சங்கு, அதாவது முளைக்கோல், நட்டு அதைச் சுற்றி வட்டம் போட்டு, காலையிலும் மாலையிலும் கோலின் நிழல்நுனி வட்டத்தைத் தொடும் புள்ளிகளை இணைப்பது. அது மெல்பர்னிலும் பிசகாது. ஏனென்றால் அது அந்த இடத்தின் வெயிலையே கேட்கிறது.

தமிழில் இதற்கு இன்னும் பழைய சான்று உண்டு. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில், பாண்டியன் அரண்மனைக்கு மனை வகுக்கும் அறிஞர்கள் நண்பகலில் கோல்நிழல் பார்த்துத் திசை குறித்து, நூல் பிடிக்கிறார்கள். அதே பாட்டில் வேனிற்காலத்துப் படுக்கை அறையின் சாளரம் தெற்கே திறக்கிறது, தென்றலை உள்ளே விடுவதற்காக. பாட்டின் காலம் கூதிர் என்பதால் அந்தச் சாளரம் அடைத்துக் கிடக்கிறது. இன்றைய வாஸ்துக்காரர் அந்த வீட்டுக்குள் வந்தால், தெற்கைத் திறக்காதீர்கள், அது எமன் திசை என்றுதான் முதலில் சொல்வார். நக்கீரரின் கட்டடக்காரர்களுக்குத் தெற்கு காற்று வரும் திசையாகவும் இருந்தது. தமிழ் உடம்புக்குத் தெற்கு இதம், வடக்கு வாட்டம். இந்த அறிவு மெல்பர்னுக்குப் போனால் நேர் எதிராகிவிடும். அங்கே கோடையில் வடக்கிலிருந்து வருவது உள்நாட்டுப் பாலையின் அனல். 2009 பிப்ரவரி 7 அன்று அந்த வடகாற்றில் மெல்பர்ன் 46.4 டிகிரி தொட்டது. விக்டோரியா மாநிலக் காடுகள் எரிந்து 173 பேர் இறந்தார்கள். மாலையில் காற்று திரும்பித் தெற்கிலிருந்து வீசினால் ஊர் மூச்சுவிடும். குளிர்காலத்திலோ வடக்கு ஜன்னல்தான் தாழ்ந்த வெயிலை அறைக்குள் கொண்டுவரும். வடக்கைத் திறந்து வை, தெற்கை மூடி வை என்ற வாஸ்து விதி சென்னையைவிட மெல்பர்ன் ஜூலைக்கு நன்றாகப் பொருந்துகிறது என்பது ஒரு சுவையான விபத்து. ஜனவரிக்கு அதே ஜன்னலுக்கு மேல் ஆழமான இறவாரம் இல்லாவிட்டால் வீடு சூளைதான். ஒரு விதி பொருந்துவதும் பொருந்தாததும் இடத்தைப் பொறுத்தது. அது எழுதியிருக்கும் ஏட்டைப் பொறுத்ததல்ல.

தென்கோளத்துக்கு இந்து சமயம் புதிதாகப் போகவுமில்லை. எட்டு பாகை தெற்கில் இருக்கும் பாலித் தீவில் ஆயிரம் வருடங்களுக்கு மேலாக இந்துக்கள் வீடு கட்டி வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டை நிறுத்தும் முதல் அச்சு வடக்கு தெற்கு அல்ல, மலைப்பக்கம், கடற்பக்கம். மலைப்பக்கத்தைக் காஜா என்றும் கடற்பக்கத்தைக் கெலோட் என்றும் சொல்கிறார்கள். அகுங் மலையின் பக்கம் புனிதம். குடும்பக் கோயில் மலைப்பக்கமும் கிழக்கும் சேரும் மூலையில், சமையலறை கடற்பக்கம். தீவின் தெற்கில் தென்பசாரில் மலைப்பக்கம் என்றால் வடக்கு. வடகரையில் சிங்கராஜாவில் அதே மலைப்பக்கம் தெற்கு! ஒரே தீவில், ஒரே சமயத்தில், ஒரே சொல்லுக்கு இரண்டு திசை. அதனால் அவர்கள் இந்துக்கள் இல்லை என்று யாரும் சொன்னதில்லை. தொல்காப்பியமும் இந்த வழியில்தான் சிந்திக்கிறது. அதில் நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், மரம், பறவை, பறையோடு சேர்ந்து அந்த நிலத்தின் கருப்பொருளில் வருகிறது. மலைக்குச் சேயோன், காட்டுக்கு மாயோன் என்று நிலம் பார்த்துத்தான் தெய்வம் சொல்லப்படுகிறது. நிலத்தைப் பார்க்காமல் தெய்வத்துக்கு மூலை ஒதுக்குவது நம் மரபுக்கும் புதுசு.

‘நீங்கள் வெயிலும் காற்றும் பேசுகிறீர்கள், நாங்கள் தெய்வம் பேசுகிறோம்’ என்று இதற்கு ஒரு மறுப்பு வரும். வடக்கில் குபேரன், தெற்கில் எமன், தென்கிழக்கில் அக்னி என்பது தட்பவெப்பச் செய்தி அல்ல, அருளப்பட்ட ஒழுங்கு, அதைக் கேள்வி கேட்க நீ யார் என்பது அதன் சாரம். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வாஸ்துவை அறிவியல் என்று விற்கிறவர்களைவிட இப்படிப் பேசுகிறவர்கள் நேர்மையானவர்கள். திசைத் தெய்வங்கள் மெல்பர்னிலும் தத்தம் திசையிலேயே இருக்கட்டும். கோளம் மாறியதால் குபேரனை இடம் பெயர்க்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஆனால் அருளப்பட்ட ஒழுங்கு என்று வாதாடினால் அதை முழுவதும் ஏற்க வேண்டும். பௌதாயன தர்மசூத்திரம் ஒருவனைப் பதிதனாக்கும் பாவங்களின் பட்டியலைக் கடல் பயணத்தில்தான் தொடங்குகிறது. விமானம் அந்தக் கணக்கில் வராது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அந்தத் தடையைக் காலத்துக்கு ஏற்பத் தளர்த்திக்கொண்டவர்கள், சமையலறை மூலையில் மட்டும் எழுத்து பிசகக் கூடாது என்பது பொருந்தவில்லை. கௌதம தர்மசூத்திரமோ தேசத்துக்குத் தேசம் வேறுபடும் வழக்கங்களை, வேதத்தோடு முரண்படாதவரை, பிரமாணமாகவே ஏற்கிறது. மரபுக்குள்ளேயே இடத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது, இன்னும் கூர்மையானது. எல்லாம் இடத்தைப் பொறுத்தது என்றால் கட்டடப் பொறியாளர் போதுமே, பூமி பூஜை எதற்கு? பூஜையின் உள்ளே நடப்பதைப் பார்த்தால் விடை கிடைக்கும். அந்தகன் என்ற அசுரனோடு நடந்த போரில் சிவனின் வியர்வையிலிருந்து பிறந்த ஒரு பெரும்பசிக்காரனைத் தேவர்கள் குப்புறத் தள்ளி மேலே உட்கார்ந்துகொண்டார்கள், அவனே வாஸ்து புருஷன் என்கிறது மத்ஸ்ய புராணம். மனையில் நாம் இடும் படையல் அவனுக்கான ஈடு. அதோடு, அந்த இடத்தில் ஏற்கெனவே குடியிருக்கும் பூதங்களுக்கு உணவு வைத்து, வேறிடம் போகும்படி வேண்டிக்கொள்கிறார்கள். இந்த இடம் காலியாக இருந்ததில்லை, என் வீடு யாரையோ நகர்த்துகிறது என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் சடங்கு இது. பொறியாளரின் வேலையில் இது சேராது. நம் இதிகாசத்துக்கு இந்தக் குற்ற உணர்வு நன்றாகத் தெரியும். காண்டவ வனத்தை நாகங்களோடும் பறவைகளோடும் எரித்த பிறகு பாண்டவர்களுக்கு ஒரு மாய சபை எழுகிறது. அதைக் கட்டித் தருகிறவன் அந்த நெருப்பிலிருந்து தப்பிய மயன். மயமதம் அவன் பெயரில்தான் வழங்குகிறது. அந்தச் சபையைப் பார்த்த துரியோதனனின் பொறாமை சூதாட்டத்தில் போய் முடிந்தது.

மெல்பர்ன் மண்ணில் இந்தச் செய்தி புராணமாக மட்டும் நிற்காது. அங்கே முன்பிருந்தவர்களுக்குப் பெயர் உண்டு: வுருண்ட்ஜெரி, புனுரோங், மேற்கே வாடவுரோங். 1835இல் ஜான் பேட்மன் போர்வையும் கத்தியும் கொடுத்து அவர்களிடமிருந்து நிலம் வாங்கியதாக ஒப்பந்தம் எழுதினார். அதே ஆண்டு ஆளுநர் பர்க் அதைச் செல்லாது என்று அறிவித்தார். காரணம் அந்த மக்களின் உரிமை அல்ல. நிலம் மன்னருடையது என்பது. ‘யாருக்கும் சொந்தமில்லாத நிலம்’ என்ற அந்தக் கொள்கையை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1992இல் மாபோ வழக்கில்தான் தள்ளியது. அந்த மண்ணில் தேங்காய் உடைத்து, கண்ணுக்குத் தெரியாத பூதங்களிடம் இடம் கேட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரிந்த மக்களின் பெயர்கூட அறியாமல் குடியேறுவது சடங்கின் பாதியைத்தான் செய்வது. சங்கல்பத்தில் வர்ஷமும் கண்டமும் சொல்லி, நாம் எங்கே நிற்கிறோம் என்று அறிவிப்பது வழக்கம். அந்த வரிசையில் மண்ணுக்குரியவர்களின் பெயரையும் சேர்த்துச் சொல்லச் சாஸ்திரத் தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இனி நடைமுறை மறுப்பு. ‘கட்டும் கம்பெனி நாலு வரைபடம் நீட்டுகிறது, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது, மனையின் முகத்தைத் தெரு தீர்மானிக்கிறது. குழி வெட்டி மண் பார்க்க எங்களுக்கு ஏது வாய்ப்பு?’ உண்மைதான். விக்டோரியா சட்டப்படி வழக்கமான ஒப்பந்தத்தில் முன்பணம் 5 சதம், அடித்தளம் முடிந்ததும் 10, சட்டகம் நின்றதும் 15, கதவு ஜன்னல் பூட்டி அடைத்ததும் 35, உள்வேலைக்கு 25 என்று பணம் போகும். வாசக்கால் வைக்க நாள் குறிப்பதற்குள் சட்டகம் நின்றுவிடும். சாவி கைக்கு வரும்வரை மனைக்குள் நுழையக் கட்டுநரிடம் கேட்க வேண்டும். ஆனாலும் ஒரு தாள் கட்டாயம் கைக்கு வரும்: மண் பரிசோதனை அறிக்கை. மெல்பர்னின் மேற்குப் புறநகர்கள் எரிமலைப் பாறைச் சமவெளியின் களிமண்மேல் நிற்கின்றன. மழையில் உப்பி, வறட்சியில் சுருங்கும் மண். அந்த அசைவை எம், ஹெச்1, ஹெச்2, ஈ என்று வகைப்படுத்தி, அதற்கேற்ப அடித்தளம் போடச் சொல்லும் அறிக்கை அது. வராகமிகிரர் குழியில் பார்த்ததும் இதே மண்ணின் குணத்தைத்தான். பெரும்பாலான குடும்பங்களில் அந்தத் தாள் மின்னஞ்சலில் திறக்கப்படாமலே கிடக்கிறது, வரைபடத்தின் ஈசானிய மூலை மட்டும் ஜூம் செய்து பார்க்கப்படுகிறது.

முடிந்தால் மனை வாங்குவதற்கு முன் ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் அந்த ஊரில் வாடகைக்கு இருந்து பாருங்கள். விலை ஏறிவிடும் என்ற பயம் நியாயமானதுதான், ஏற்கெனவே மனை வாங்கிவிட்டவர்களை நான்கு வருடக் கெடுவும் நெருக்கும். காத்திருக்க முடியாதவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு முறையாவது போய் அந்த மனையில் நில்லுங்கள். மண் அறிக்கையைப் படியுங்கள், காற்று எங்கிருந்து வருகிறது என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேளுங்கள், அது யாருடைய மண் என்று நகராட்சியின் இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வாசல் எந்தப் பக்கம் என்ற கேள்வியை அதற்கு அப்புறம் ஜோசியரிடம் கேட்கலாம்.