பருத்திக் குண்டிகையும் கைக்கணினியும்

திருப்பூர் பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேரும் பெண்ணுக்கு முதல் நாளே மெஷின் கிடைப்பதில்லை. ஓவர்லாக் தைக்கும் டெய்லருக்குப் பக்கத்தில் நின்று பீஸ் எடுத்துக் கொடுக்கிறாள், அடுக்குகிறாள், பிசிறு வெட்டுகிறாள். டெய்லர் டீ குடிக்கப் போகும் நேரத்தில் வேஸ்ட் துணியை ஓட்டிப் பார்க்கிறாள். துணி இழுபடும், நூல் அறும். பக்கத்தில் இருப்பவர் திட்டிக்கொண்டே சரிசெய்து கொடுப்பார். இப்படிப் பழகியவர்களின் கைகள்தான் இந்த ஊரின் ஏற்றுமதியைத் தாங்குகின்றன.

அவர்களுடைய பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிகளுக்குக் கருவிகள் வேறு வழியாக வந்தன. 2018இல் புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு அச்சானது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2023இல் காணொளிப் பாடங்களுக்கான மணற்கேணி செயலி வந்தது. 22,931 திறன்மிகு வகுப்பறைகள், தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினிகள் என்று அரசு அறிவித்தது. ஏழைப் பிள்ளைக்கும் நல்ல வசதி வேண்டும் என்ற எண்ணம் இதன் பின்னால் இருக்கிறது; அதை மதிக்க வேண்டும். ஆனால் பயிற்சி, மாநில அளவில் சிலருக்குக் கொடுக்கப்பட்டு, மாவட்டத்துக்கு வந்து, வட்டார வள மையத்துக்கு இறங்கி, கடைசியில் வகுப்பாசிரியரை அடைகிறது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சிந்துகிறது. எந்தப் பொத்தானை அழுத்துவது என்பது வந்து சேர்கிறது. எப்போது, எந்தப் பிள்ளைக்காக என்பது வழியிலேயே தங்கிவிடுகிறது.

எப்போது, யாருக்கு, எப்படிக் கொடுப்பது என்ற இந்தக் கேள்வியைக் கொங்கு நாட்டு மரபு ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துக்கொண்டது. நன்னூல் இயற்றிய பவணந்தி ஒரு சமண முனிவர். பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தை அவருடைய ஊர் என்று இப்பகுதியினர் சொல்வார்கள். இலக்கண நூலின் வாசலிலேயே, பாயிரத்தில், ஆசிரியர் யார், ஆசிரியர் ஆகத் தகாதவர் யார் என்று அவர் வரையறுத்துவிடுகிறார். காலமும் இடமும் பார்த்து, சொல்ல வேண்டியதை முதலில் தன் உள்ளத்தில் அமைத்துக்கொண்டு, கொள்பவன் எவ்வகையில் கொள்வான் என்று அறிந்து கொடுக்க வேண்டும் என்கிறார். தகாதவருக்குச் சொன்ன உவமைகளில் ஒன்று பருத்திக் குண்டிகை. குடுவைக்குள் பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திணிக்க முடியும்; எடுக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். பஞ்சோடு வாழும் திருப்பூருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த உவமையில் பவணந்தி குறையை ஆசிரியர் மேல் மட்டுமே வைத்தார். இன்று, குடுவைக்குள் பஞ்சைத் திணித்தவர் யார் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரே நாளில் ஐம்பது ஸ்லைடுகளைக் காட்டி அனுப்பினால் எந்த ஆசிரியரும் குண்டிகைதான் ஆவார். எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்றமும் செயலி வழி மதிப்பீடும் கற்பிக்கும் நேரத்தைத் தின்கின்றன என்று ஆசிரியர் சங்கங்கள் பல முறை முறையிட்டிருக்கின்றன. கையில் இருக்கும் கருவி பிள்ளையைப் பார்ப்பதற்கா, மேலிடத்துக்குக் கணக்குக் காட்டுவதற்கா என்பது அறத்தைத் தொடும் கேள்வி. கணக்குக் காட்டும் வேலையே முந்திக்கொள்ளும் இடத்தில் எத்தனை நாள் பயிற்சி கொடுத்தாலும் வகுப்பறை மாறாது.

இன்னொரு தடை உள்ளே இருக்கிறது. இருபது ஆண்டு கற்பித்த ஒருவர், செல்போனைத் தன்னைவிட வேகமாகக் கையாளும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் முன்னால் தடுமாறத் தயங்குகிறார். சைவ மரபில் இதற்கு நெருக்கமான ஒரு கதை உண்டு. அருள்நந்தி சிவாச்சாரியார் வயதிலும் கல்வியிலும் மூத்தவர். சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரின் குடும்பத்துக்கே குலகுரு. திருவெண்ணெய்நல்லூரில் இளைய மெய்கண்டார் பாடம் சொல்லும் இடத்துக்கு வந்து, ஆணவ மலத்தின் வடிவம் என்ன என்று கேட்டார். மெய்கண்டார் பதில் பேசவில்லை. அவரை அடிமுதல் முடிவரை பார்த்தார். அந்த வடிவம் தானே என்று அருள்நந்திக்குப் புரிந்தது. அங்கேயே பணிந்து மாணவரானார். பிறகு சிவஞான சித்தியார் எழுதினார். மாணவராக அமர்ந்ததால் அவருடைய பெருமை குறையவில்லை. சைவ சித்தாந்தச் சந்தான குரவர் வரிசையில் மெய்கண்டாருக்கு அடுத்த இடம் அவருக்கே. தெரியாததைத் தெரியாது என்று வகுப்பில் சொல்லும் ஆசிரியரை அதிகாரியும் பெற்றோரும் மதிக்கும் சூழல் வேண்டும். அது இல்லாத வரை பழைய தயக்கம் போகாது.

கருவியை வெறுக்கவும் காரணம் இல்லை. டில்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. பள்ளி நேரத்துக்குப் பின் அதில் பயின்ற பிள்ளைகள் சில மாதங்களில் கணிதத்திலும் இந்தியிலும் தெளிவாக முன்னேறினார்கள். அந்த மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கியது. கொள்பவன் அறிந்து கொடுப்பது என்று பவணந்தி சொன்னதை, ஒரு எல்லைவரை, இயந்திரமும் செய்கிறது.

அந்த எல்லை திருப்பூரில் கண்ணுக்குத் தெரியும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் இங்குள்ள அரசுப் பள்ளிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழில் வந்த கேள்வி புரியாமல் ஒடியாச் சிறுமி தவறான விடையைத் தொட்டால், செயலி அவளுக்குக் கழித்தல் தெரியாது என்று பதிந்துகொள்ளும். கணக்கு தெரிகிறது, கேள்விதான் புரியவில்லை என்று கண்டுபிடிக்க அவள் பக்கத்தில் ஒருவர் குனிந்து உட்கார வேண்டும். கண்டுபிடித்த பிறகு அதே கைக்கணினி நல்ல துணை: மத்திய அரசின் தீக்‌ஷா கல்வித் தளத்தில் ஒடியா, இந்தி, வங்காளப் பாடங்களும் இருக்கின்றன. திருப்பூரில் ஒரு பயிற்சி நாள் இந்தச் சிறுமியிடமிருந்து தொடங்கினால், எந்தப் பொத்தான் என்பதை ஆசிரியர்களே தேடிக்கொள்வார்கள்.

ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொழில் வளர்ச்சி என்று தேசியக் கல்விக் கொள்கை 2020 சொல்கிறது. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. ஆனால் நேரம் ஒதுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. அந்த நேரத்தில் பாதியையாவது இணையக் காணொளியிலிருந்து எடுத்து, பக்கத்துப் பள்ளி வகுப்பறைக்கு மாற்றலாம். உடுமலை அருகே திருமூர்த்தி நகரில் மாவட்ட ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனம் இருக்கிறது. குறுவள மையக் கூட்டங்கள் நடக்கின்றன. ஆசிரியர் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். ஒருவர் கற்பிக்கும்போது இன்னொருவர் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து, எந்தப் பிள்ளை எங்கே விட்டுப்போனது என்று பாடம் முடிந்ததும் சொல்லட்டும். அடுத்த வாரம் இருவரும் இடம் மாறட்டும். இந்த ஏற்பாட்டுக்குப் புதிய கருவி ஒன்றும் வாங்க வேண்டாம். அந்த நாளில் ஆசிரியரை வேறு பணிக்கு அழைக்காமல் இருக்க வேண்டும்.