தடைக்காலத்து இயந்திரக் கலை

நீராவி யுகத்தின் இயந்திரத் தோற்றத்தைக் கற்பனையோடு இணைக்கும் கலைப்போக்கு, 1987இல் ஸ்டீம்பங்க் என்று பெயர் பெற்றது. அதன் ஆர்வலர் விழாக்களுக்குக் கைப்பணம் குறைந்தோர் பழைய பற்சக்கரங்களையும் பித்தளைத் துண்டுகளையும் கோத்த ஒப்பனையோடு செல்வர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ, 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது, அத்தகைய கைத்திறன் அன்றாட வாழ்வுக்கே இன்றியமையாததாயிற்று. பெற்றோல் அரிதானதால் மண்ணெண்ணெயை நாடினர்; குளிர்ந்த எஞ்சினில் அது எளிதில் ஆவியாகாது என்பதால், எரிபொருளைக் காற்றோடு கலக்கும் உறுப்பாகிய காபரேற்றரில் சிறிது பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, ஒஸ்ரின் ஏ40 போன்ற முதிய கார்களை ஓட்டினர். சைக்கிள் சில்லின் சுழற்சியை மின்சாரமாக்கும் டைனமோவால் வானொலி கேட்டனர். இவ்வழிகளைக் கண்ட திருத்துநர்களின் நுட்பம், பெருமிதத்தோடு பொறியியல் வரலாற்றில் பதியப்பட வேண்டியதாகும்.