விற்பவனின் வாக்கு

மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் ஜாஜலி என்றொரு தபஸ்வி வருகிறார். அசையாமல் நின்று தவம் புரிந்த அவரது சடையில் குருவிகள் கூடு கட்டின. முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குஞ்சுகளும் பறந்து போயின. தர்மத்தை அடைந்துவிட்டோம் என்று அவர் பூரித்தபோது, காசியில் வாழும் துலாதாரனுக்கு அவர் ஈடாக மாட்டார் என்று ஓர் அசரீரி எழுந்தது. தேடிச் சென்று பார்த்தால் துலாதாரன் ஒரு கடைக்காரன்! தன் தராசு எல்லா உயிர்களுக்கும் சமமாக நிற்கிறது என்று சொல்லி, அந்தத் தபஸ்விக்கு அவன் தர்மத்தை உபதேசிக்கிறான்.

இந்தக் கதையைக் கேட்பவர்கள் பெரும்பாலும் தராசோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் துலாதாரன் தன் தொழிலைப் பற்றிச் சொல்லும் இன்னொரு செய்தி கவனத்திற்கு உரியது. வாசனைப் பொருள்களையும் பலவகைச் சாறுகளையும், மதுவை மட்டும் நீக்கி, பிறர் கையிலிருந்து வாங்கிக் கபடமின்றி விற்பதாக அவன் கூறுகிறான். பொருள் அவன் செய்ததன்று. இன்னொருவர் செய்ததை வாங்கி மூன்றாம் மனிதருக்குக் கொடுக்கிறான். எடையில் நேர்மையாக இருப்பது அவன் கையில் இருக்கிறது. தராசு அதற்குத் துணை செய்யும். பொருளைப் பற்றி அவன் சொல்லும் சொல்லை எந்தத் தராசில் வைப்பது?

இன்று இந்தக் கேள்வி கூர்மையடைந்திருக்கிறது. விற்பனைக்கான சொல்லை மட்டுமே தயாரித்துக் கொடுக்கும் சிறு தொழில்கள் எல்லா நகரங்களிலும் பெருகியுள்ளன. ஹைதராபாத்தின் அமீர்பேட் பகுதியில் நடந்து சென்றால், பயிற்சி நிலையங்களின் பலகைகள் மாடிக்கு மாடி தொங்குவதைக் காணலாம். அந்தப் பலகைகளுக்கும் துண்டுப் பிரசுரங்களுக்கும் பின்னால், நான்கைந்து பேரை வைத்துக்கொண்டு விளம்பரத் தொழில் நடத்தும் யாரோ ஒருவர் இருக்கிறார். பிறருடைய பொருளைப் புகழ்வதே அவருக்குப் பிழைப்பு. அப்படிப் பிழைப்பவர் சத்தியத்தில் நிற்க முடியுமா?

புகழ்ச்சி என்றாலே பொய் என்று நம் முன்னோர் கருதவில்லை. மீமாம்சை சாஸ்திரம் இதை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறது. வேதத்தில் ஒரு செயலைச் செய்யச் சொல்லும் வாக்கியம் விதி. அச்செயலில் ஆர்வம் உண்டாகும்படி அதைப் புகழும் வாக்கியம் அர்த்தவாதம். அர்த்தவாதத்தையும் மூன்றாகப் பிரித்தார்கள். வேள்வித் தூணைச் சூரியன் என்று சொன்னால் அது கண்ணுக்கு எதிராக இருக்கிறது. ஆகவே சூரியனைப் போல் ஒளிர்வது என்று கொள்ள வேண்டும். இது குணவாதம். நெருப்பு குளிரைப் போக்கும் என்பது எல்லோரும் அறிந்ததைத் திரும்பச் சொல்வது, இது அனுவாதம். நம் அனுபவம் மறுக்கவும் முடியாத, உறுதிசெய்யவும் முடியாத செய்தியைச் சொல்வது பூதார்த்தவாதம்.

இந்தப் பாகுபாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஹைதராபாத்தின் பழைய சரக்கு ஒன்றைப் பார்க்கலாம். ஹக்கீம் முகம்மது மொய்சுதீன் ஃபரூக்கி என்ற யுனானி வைத்தியர் 1920-இல் 'ஜிந்தா திலிஸ்மாத்' என்ற மருந்தை அங்கே விற்கத் தொடங்கினார். யூகலிப்டஸ் எண்ணெய், கற்பூரம், மென்தால் போன்றவை சேர்ந்த திரவம். ஜலதோஷம், இருமல், தலைவலி என்றால் அந்நகரத்து வீடுகளில் இந்தச் சிறு புட்டியைத் தேடுவார்கள். நிஜாமின் குதிரைப்படையில் பணியாற்றிய ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திகளின் உடல் வலிமை ஊரறிந்தது. அவர்கள் குடியிருந்த பகுதிக்கு ஏ.சி. கார்ட்ஸ் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. அத்தகைய வீரன் ஒருவனின் உருவமே மருந்தின் சின்னமாயிற்று. நிஜாம் ஆட்சி போய், மாநில எல்லைகள் இருமுறை மாறிய பின்பும், நூறாண்டு கடந்து அந்தப் புட்டி விற்பனையாகிறது. தொழிலும் அக்குடும்பத்தாரிடமே இருந்துவருகிறது.

'ஜிந்தா திலிஸ்மாத்' என்றால் உயிருள்ள மாயம் என்று பொருள். ஒரு மருந்துக்கு மாயம் என்று பெயரிடுவது பொய்யாகாதா? ஆகாது என்றே தோன்றுகிறது. கற்பூர நெடி வீசும் திரவத்தைக் கையில் வாங்குபவர் எவரும் அதை மந்திரம் என்று நம்பி வாங்குவதில்லை. வேள்வித் தூணைச் சூரியன் என்பது போன்ற குணவாதம் அது. தும்மல் வந்தால் யூகலிப்டஸ் மணம் மூக்கை இலேசாக்கும் என்பது அனுவாதம். பாட்டிமார் அனைவரும் அறிந்தது. இவ்விரண்டிலும் வாங்குபவரின் அறிவு விழித்திருக்கிறது. விற்பவர் மிகைப்படுத்தினாலும் வாங்குபவர் அதைக் கழித்துக்கொள்கிறார்.

ஆபத்து மூன்றாவதில்தான். எந்த விற்பனையாளராயினும், இன்ன கொடிய நோயைத் தன் சரக்கு தீர்க்கும் என்று சொன்னால், நோயாளியால் அதைச் சோதிக்க இயலாது. அவருக்குத் தெரியாத இடத்தில் விற்பவர் பேசுகிறார். மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் என்று 1954-இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் குறிப்பிட்ட பல நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு மருந்து உண்டென விளம்பரம் செய்வதைத் தடுத்தது. வாங்குபவரின் அறியாமையும் பயமும் சேரும் இடத்தில் அது வேலியிட்டது. மீமாம்சகர் காட்டிய கோடும் ஏறக்குறைய அங்கேதான் ஓடுகிறது.

இதைவிட ஆழமான மற்றொரு நிபந்தனையும் அர்த்தவாதத்தில் அடங்கியிருக்கிறது. புகழ்ச்சிக்குத் தனியாக மதிப்பில்லை. அது ஒரு விதியைச் சார்ந்தே நிற்க வேண்டும். புகழப்படும் செயல் கேட்பவருக்கு உண்மையில் நன்மை தருவதாக இருப்பதால்தான் புகழ்ச்சி ஏற்கப்படுகிறது. ஆகவே விளம்பரம் எழுதுபவர் சொல் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியது: இதை வாங்குவது வாங்குபவருக்கு நல்லதா? பயிற்சி நிலையங்களின் விளம்பரங்களுக்காக மத்திய அரசு 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நூறு சதவீதத் தேர்ச்சி உறுதி என்பது போன்ற பொய் வாக்குறுதிகளைத் தடுக்கின்றன. வெற்றிபெற்ற மாணவரின் படத்தை, அவர் தேர்வான பின் எழுத்து மூலம் தரும் சம்மதமின்றி, வெளியிடக் கூடாது என்றும் சொல்கின்றன. கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தும் ஒரு தந்தையின் நிலையை நினைத்துப் பார்த்தால் இதன் அவசியம் விளங்கும்.

நேர்மையாக நடந்தால் வாடிக்கையாளர் திரும்பி வருவார், தொழில் நிலைக்கும் என்று நீண்டகாலம் தொழில் நடத்தியவர்கள் சொல்வதுண்டு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜெர்மானிய தத்துவ அறிஞர் காண்ட் 1785-இல் எழுதிய ஒழுக்கவியல் நூலில் ஒரு கடைக்காரரை உதாரணம் காட்டுகிறார். விவரம் தெரியாத சிறுவனிடமும் அவர் அதிக விலை வாங்குவதில்லை. ஆனால் பெயர் கெட்டால் வியாபாரம் போய்விடும் என்பதுதான் காரணம் என்றால், அச்செயலுக்கு அறத்தின் மதிப்பு இல்லை என்பது காண்ட்டின் முடிவு.

கீதையின் வழியில் சிந்திப்பவர் இதை முழுவதும் மறுக்க மாட்டார். ஆனால் அவசரப்படவும் மாட்டார். லாபத்தை எண்ணி நேர்மையாக இருக்கத் தொடங்கியவர் இருபது ஆண்டுகள் அதையே செய்துவரும்போது செயல் அவர் மனத்தைச் சும்மா விடுவதில்லை. சித்தசுத்தி என்று நம் சாஸ்திரங்கள் சொல்வது இத்தகைய மெதுவான வேலைதான். ஒரு நாள், எவருக்கும் தெரிய வராத ஒரு பொய்யைச் சொன்னால் பெருந்தொகை கிடைக்கும் என்ற நிலை வரும். அன்று அவருக்கு அது கூசினால், தொடங்கிய காரணம் எதுவாயினும் இப்போது அவர் வேறு மனிதர். காண்ட் ஒரு கணத்தின் நோக்கத்தைக் கேட்கிறார். கர்மயோகம் ஓர் ஆயுளைப் பார்க்கிறது.

ஆயினும் காலம் தானாக எவரையும் நல்லவராக்கிவிடாது. இதற்கும் ஹைதராபாத்தே சாட்சி. 1987-இல் அங்கே தொடங்கப்பட்ட கணினி மென்பொருள் நிறுவனத்தின் பெயர் 'சத்யம்'. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்குகள் பல ஆண்டுகளாகப் பொய்யானவை என்று நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் எழுதினார். உண்மையான லாபத்திற்கும் காட்டிய லாபத்திற்கும் இடையே சிறிதாகத் தொடங்கிய இடைவெளி, ஆண்டுதோறும் வளர்ந்து கட்டுக்கடங்காமல் போனது என்பது அவரே அதில் தந்த விளக்கம். 2015 ஏப்ரலில் தனி நீதிமன்றம் அவருக்கும் மற்றவர்களுக்கும் ஏழாண்டு சிறைத்தண்டனை விதித்தது. அடுத்த மாதமே மேல்முறையீட்டில் அது நிறுத்திவைக்கப்பட்டது. வழக்கு ஒருபுறமிருக்க, அந்தச் 'சிறு இடைவெளி' சிந்திக்கத் தக்கது. நேர்மையை வளர்க்கும் அதே காலம் பொய்யையும் வளர்த்திருக்கிறது. வட்டி எந்த முதலுக்கும் ஏறும்.

மேலும், நேர்மையாக இருந்தும் மூடிய கடைகள் எத்தனையோ. நூறாண்டு நின்ற புட்டியைப் பற்றி எழுத முடிகிறது; மூன்றாம் ஆண்டில் வாடகை கொடுக்க முடியாமல் நொடித்துப்போன நேர்மையாளரைப் பற்றி எழுத எவரும் இல்லை. நேர்மை எப்போதும் லாபம் தரும் என்றால் தர்மத்தை உபதேசிக்க வேண்டிய தேவையே இருந்திராது, கணக்குப்பிள்ளை போதும். தன் தர்மத்துக்குச் சான்றாகத் துலாதாரன் செல்வத்தைக் காட்டவில்லை.

ஆகவே அமீர்பேட்டின் அந்தச் சிறு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் முன் உள்ள கேள்விக்கு முன்கூட்டியே விடை எழுதிவைக்க முடியாது. சேராத மாணவர்களின் படங்களைப் போட்டு விளம்பரம் கேட்டு ஒரு நிலையத்தார் வருகிறார்கள். முடியாது என்றால் அந்த மாதம் பணியாளர் நால்வருக்குச் சம்பளம் கொடுப்பது கடினம். அந்த நால்வருக்கும் குடும்பம் இருக்கிறது. அதுவும் தர்மத்தின் கணக்கில் சேரும். படங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நால்வரையும் அழைத்துச் சம்பளம் ஏன் தாமதமாகும் என்பதைச் சொல்ல அவரால் முடிகிறதா என்பது அந்த அறைக்குள்ளேதான் தெரியவரும்.